நான்கு கணினி, ஒரு பிரிண்டர்

எனக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த டீச்சர், பணி ஓய்வுக்குப் பிறகு சுங்கை வேயில் ஒரு கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறார். காலை நிகழ்ச்சி முடிந்து நான் வானொலி நிலையத்தை விட்டுக் கிளம்பும் நேரம் பார்த்து அவரிடமிருந்து அழைப்பு.

"தம்பி, உங்க ரேடியோவில பழைய கம்ப்யூட்டரையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவீங்க?"

கேள்வியே சரியில்லையே என்று நேரில் போனேன். நான்கு கணினிகள், நான்கும் யாரோ கொடுத்தவை. இரண்டு, விண்டோஸ் 10 ஓடும் பழைய மேசைக்கணினிகள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அவற்றின் சில்லுக்கு வயது போதாது என்பதில்லை, வயது கூடிவிட்டது. மூன்றாவது, புதிய விண்டோஸ் மடிக்கணினி. நான்காவது, டீச்சரின் அக்காள் மகள் கொடுத்த மேக். பிரிண்டர் ஒன்றுதான், அது ஒரு பழைய கணினியோடு கம்பியில் கட்டுண்டு கிடந்தது. டீச்சர் 12 வருடமாகத் தயாரித்த எஸ்.பி.எம். பயிற்சித் தாள்களும் அதற்குள்தான். ஒரு பக்கம் அச்சடிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் பெண்டிரைவோடு வரிசையில் நிற்க வேண்டும்.

"எல்லாத்தையும் மாத்துங்க, எட்டாயிரம் வெள்ளி ஆகும்னு கடைக்காரர் சொல்றார். கம்ப்யூட்டர் வகுப்பையே நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்" என்றார் டீச்சர். அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் எட்டுப் பேர் வீட்டில் கணினியே கிடையாது.

மறுநாள் எங்கள் ஒலிப்பொறியாளரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "நீ மேக்கில் வெட்டி ஒட்டுற ஒலிக்கோப்பு, ஒலிபரப்பு அறையில இருக்கிற விண்டோஸ் கணினிக்கு எப்படிப் போகுதுன்னு என்னைக்காவது யோசிச்சியா?" மூலையில் விளக்கு மினுக்கும் ஒரு பெட்டியைக் காட்டினார். அதற்குள் ஓடுவது லினக்ஸ். அது இரண்டு பக்கத்தோடும் பேச உதவும் மென்பொருளின் பெயர் சம்பா. பத்து வருடமாக அதன் வழியேதான் என் குரல் போய்க்கொண்டிருக்கிறது, பெயர் கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

விண்டோஸ் கணினிகள் கோப்பையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளத் தங்களுக்குள் ஒரு மொழி பேசும். எஸ்.எம்.பி. என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் வேறு வகைக் கணினிகள் பலவற்றுக்கு அது புரியாது. 1991 டிசம்பரில், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் சொந்தத் தேவைக்காகக் கணினிகளுக்கிடையே கம்பியில் போகும் தகவல்களை ஒட்டுக்கேட்டு, பதில் சொல்லும் ஒரு நிரலை எழுதினார். தான் கேட்டது எந்த மொழி என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது. ஈராண்டு கழித்து, மனைவியின் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்கப் பார்த்தபோது அதே நிரல் கைகொடுத்தது. பிறகுதான் முழுமூச்சாக இறங்கினார்.

மொழி தெரியாத ஊரில் உணவகத்தில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டால் மேசைக்கு என்ன வருகிறது என்று பார்த்தே பேசப் பழகுவது போன்றது இது என்பார் அவர். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

பெயருக்கும் ஒரு கதை உண்டு. முதலில் வைத்த பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோர, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினி அகராதியில் தேடச் சொன்னார். கிடைத்தவற்றில் ஒன்று, பிரேசில் நடனத்தின் பெயர்.

சம்பாவை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். ஐரோப்பிய ஆணையம் தொடுத்த போட்டிச் சட்ட வழக்கில் மைக்ரோசாப்ட் தோற்ற பின், 2007 டிசம்பரில் சம்பா குழுவினருக்கு அந்த மொழியின் ஆவணங்கள் முறையாகக் கிடைத்தன. கட்டணம் 10,000 யூரோ. அதுவரை பதினாறு ஆண்டுகள், பெரும்பாலும் காதால் கேட்டுத்தான் கற்றார்கள்.

சனிக்கிழமை ஒலிப்பொறியாளரையும் இழுத்துக்கொண்டு சுங்கை வே போனேன். முதல் வேலையாக டீச்சரின் தாள்களை ஒரு தனி டிஸ்கில் நகலெடுத்தோம். இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு தூசி தட்டப் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கில் 'மலேசியத் தயாரிப்பு' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. என் அம்மா இதே சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரத்தில் ஷிப்டு போட்டு டிஸ்க் பொருத்தியவர். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெட்டாலிங் ஜெயா ஆலையை மூடப்போவதாக 2018 ஜூலையில் அறிவித்தபோது, அம்மா அந்த நாளிதழ்ப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த டிஸ்க் இன்னும் நன்றாகவே சுழல்கிறது.

இரண்டு பழைய கணினிகளிலும் லினக்ஸ் ஏற்றினோம். பிரிண்டர் இருந்த கணினியில் சம்பாவை நிறுவி, தாள்களுக்கு ஒரு பொது அடைவு திறந்தோம். மேக் உடனே கண்டுகொண்டது. விண்டோஸ் 11 மடிக்கணினி மட்டும் முரண்டு பிடித்து ஒரு மணி நேரத்தைத் தின்றது. கடவுச்சொல் இல்லாத விருந்தினராக உள்ளே போக அது சம்மதிக்கவில்லை. அதன் பக்கம்தான் நியாயம். சம்பாவில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்த பிறகு அடைவு திறந்தது. பிரிண்டருக்கு மட்டும் அந்த மடிக்கணினியில் டிரைவரை ஒரு முறை நிறுவ வேண்டியிருந்தது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க: எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பைக் கட்டாயம் அணைத்து வையுங்கள். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாகிரை, விண்டோஸில் அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அதே மாதம் சம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்பட்டது. ஆகவே புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். பகிர்வு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

மாலை ஐந்து மணிக்கு டீச்சர் மேக்கிலிருந்து ஒரு தமிழ்த் தாளை அச்சுக்கு அனுப்பினார். பிரிண்டர் முனகியது, தாள் வந்தது. முழுக்க ஆங்கில எழுத்துகள், இடையிடையே கேள்விக்குறிகள்! யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டியது அது. கோப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது சம்பாவின் வேலை. உள்ளே இருப்பது எந்த எழுத்துரு என்பது அதற்கு என்ன தெரியும்?

டீச்சர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இந்த மாதிரி நாற்பது தாள் இருக்கும், தம்பி. பிள்ளைங்களையே யூனிகோடுல தட்டச் சொல்றேன். நீ அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடு."

எட்டாயிரம் வெள்ளி பற்றிய பேச்சு அதன் பிறகு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை என் விடுமுறை நாள்.