ரெயில் போன வழியில் சைக்கிள் போகுமா?

ரெயில் ஓடிக்கொண்டிருந்தது. நின்று போயிற்று. தண்டவாளத்தையும் கழற்றி எடுத்து விட்டார்கள். மிச்சம் இருப்பது நீண்ட ஒரு மண்மேடு. அதை என்ன செய்வது?

பல நாடுகளில் அதை சைக்கிள் பாதை ஆக்கி விட்டார்கள். விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக அதில் போய் வருகிறார்கள். நம் ஊரில் அப்படிச் செய்யலாமா? செய்தால் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்?

லாரிக்குப் பயம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உள்ள மண்ணூரை எடுத்துக் கொள்ளுங்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள். இரவும் பகலும் லாரிகள். தஞ்சை, நாகை பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்தவர்கள் இங்கே வாடகை வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

வேலைக்கு சைக்கிளில் போகிறவர் கூட, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை சைக்கிளில் பெரிய சாலைக்கு அனுப்பத் தயங்குகிறார். பயம்தான் காரணம்.

பழைய ரெயில் பாதையில் அந்தப் பயம் இல்லை. அங்கே லாரி வராது. ரெயில் செங்குத்தான மேட்டில் ஏறாது. ஆகவே அந்தப் பாதையில் ஏற்றம் குறைவு. கூர்மையான வளைவும் கிடையாது. தாத்தாவும் ஓட்டலாம், பேத்தியும் ஓட்டலாம்.

சிங்கப்பூரில் நடந்தது

சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பங்கள் இதை அறிந்திருக்கலாம். அங்கே உட்லண்ட்சில் இருந்து தஞ்சோங் பகார் வரை மலேசிய ரெயில் ஓடியது. 2011-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி அது நின்றது. மறுநாள் அந்த நிலம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. நீளம் சுமார் 24 கிலோ மீட்டர்.

சிங்கப்பூரில் நிலம் என்றால் தங்கம். வீடு கட்டி விற்றிருந்தால் பணம் கொட்டியிருக்கும். ஆனால் பாதையைத் துண்டு போடாமல் காப்பாற்றும்படி மக்கள் கேட்டார்கள். அரசு இசைந்தது. இன்று அதில் மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். புக்கிட் திமா ரெயில் நிலையத்தையும் பழைய இரும்புப் பாலங்களையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

மாயவரம் - தரங்கம்பாடி

நம் தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு பாதை உண்டு. மாயவரம் என்று நாம் சொல்லும் மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடி வரை சுமார் 30 கிலோ மீட்டர். 1926-ல் ரெயில் ஓடத் தொடங்கியது. 1980-களில் நின்று விட்டது.

மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார். இவை வழியில் உள்ள ஊர்கள். திருக்கடையூரில் அபிராமி அம்மன் கோவில். அறுபதாம் கல்யாணம் செய்து கொள்ள எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். தில்லையாடி, காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று, 1914-ல் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். தரங்கம்பாடியில் 1620-ல் டென்மார்க்குக்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது.

குடும்பத்தோடு மெதுவாக மிதித்தால் மணிக்கு 10 கிலோ மீட்டர் போகலாம். மூன்று மணி நேரப் பாதை. அதிகாலையில் புறப்பட்டு, திருக்கடையூரில் சாப்பிட்டு, மாலையில் கடற்கரையில் உட்காரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகக் கூடாது. தை, மாசியே நல்ல காலம்.

இதெல்லாம் பாதை வந்தால்! இன்று போவதானால் பஸ் ஓடும் சாலையில்தான் போக வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அது ஆகாது.

ரெயில் வேண்டாமா?

இங்கேதான் சிக்கல். அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது சைக்கிள் பாதையை அல்ல, ரெயிலை! மீண்டும் ரெயில் விடுங்கள் என்கிறார்கள். படிக்கப் போகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் ரெயில்தான் மலிவு. “சைக்கிள் பாதை போட்டுவிட்டு, ரெயிலைக் கைகழுவி விடுவார்களோ?” என்று அவர்கள் சந்தேகப்பட்டால் அதில் நியாயம் உண்டு.

நின்ற ரெயில் திரும்பி வருவதும் உண்டு. திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி பாதையில் பல ஆண்டுகள் ரெயில் இல்லை. 37 கிலோ மீட்டர் தூரத்துக்கு அகலப் பாதை போட்டு, 2023-ம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் ரெயில் விட்டார்கள்.

அப்படியானால் எது சரி?

அமெரிக்கா ஒரு வழி கண்டது. 1983-ல் சட்டம் செய்தார்கள். ரெயில் ஓடாத பாதையில் மக்கள் நடக்கலாம், சைக்கிள் விடலாம். நாளைக்கு ரெயில் வேண்டும் என்றால், சைக்கிள் பாதை விலகிக் கொள்ள வேண்டும். நிலம் துண்டாகாமல் இருக்கும். உரிமையும் போகாது.

நமக்கும் இதுவே பொருந்தும். ஆள் நடமாடாத நிலத்தில் முதலில் முள் முளைக்கும். பிறகு வேலி முளைக்கும். அதன் பிறகு வீடு முளைக்கும். ஏழையின் குடிசையை இடித்துத்தான் ரெயில் விட வேண்டும் என்ற நிலை வரும். அது ஏழைக்கும் கெடுதல், ரெயிலுக்கும் கெடுதல். தினமும் நூறு பேர் சைக்கிளில் போகிற பாதையில் யாரும் சுலபமாக வேலி போட மாட்டார்கள்.

செலவு உண்டு. வாய்க்கால்களுக்கு மேல் சிறு பாலங்கள் வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் டீக்கடைக்கும் இட்லிக் கடைக்கும் சைக்கிள் பழுது பார்ப்பவருக்கும் பிழைப்பு வரும்.

“ரெயில் வரும் நாளில் இந்தப் பாதை விலகும்” என்று முதலிலேயே எழுதி, ஊர் அறிய அறிவிக்க வேண்டும். அந்த ஓர் உறுதி இருந்தால், ரெயில் கேட்பவரும் சைக்கிள் கேட்பவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம். இருவருக்கும் வேண்டியது அதே நிலம். அது கையை விட்டுப் போனால் இருவருக்குமே ஒன்றும் இல்லை.