கோச்சை மாற்றினால் கோல் விழுமா?

இந்தியக் கால்பந்தில் இது ஒரு சடங்கு: தோற்றால் கோச்சை அனுப்பு. 2024 ஜூனில் இகோர் ஸ்டிமாச் போனார். அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ் எஃப்சி கோவாவையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். எட்டு ஆட்டம், ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவோடு. 2025 ஜூலையில் அவரும் கிளம்பினார். ஆகஸ்டில் காலித் ஜமில். அக்டோபரில் சிங்கப்பூரிடம் 2-1 தோல்வி. 2027 ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். கோல் போட ஆள் எங்கே? ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை நாற்பது வயதில் திரும்பக் கூப்பிட்டார்களே, ஏன்? ஐஎஸ்எல்லில் களமிறங்கும் 11 பேரில் நாலு பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர் இடம் அவர்களுக்குத்தான். நம்ம பையன் ஓரத்தில் ஓடுவான், இல்லையென்றால் பெஞ்சில் உட்காருவான். கிளப்பில் ஆடாத இடத்தைத் தேசிய முகாமின் சில நாட்களில் எந்த கோச் கற்றுத்தர முடியும்?

"காலித் நம்மாளு, எல்லாம் தெரிந்தவர்" என்கிறீர்களா? தெரிந்தவர்தான். ஆனால் அவர் பொறுப்பேற்றபோது ஐஎஸ்எல்லே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அடுப்பே எரியாத வீட்டில் சமையல்காரரை மாற்றி என்ன பயன்?

கோச் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. மோசமான கோச் நல்ல அணியைக் கெடுக்கலாம். ஆனால் நல்ல கோச்சால் இல்லாத அணியை உருவாக்க முடியாது. ஸ்டிமாச் போனதிலிருந்து காலித் வந்தது வரை கூட்டமைப்பின் தலைவர் ஒருவரே, கல்யாண் சௌபே. அடுத்த தோல்விக்கு யாரை அனுப்பலாம் என்று கேட்கும்போது, அந்த நாற்காலியையும் கொஞ்சம் பாருங்கள்.