பறக்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம்!



நம் மைதானத்தில் ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம் விடும் நாளில் அடிக்கடி காதில் விழும் வசனம்: "எவ்ளோ நேரம்டா செக் பண்ணுவ? சீக்கிரம் விடுடா!" என்னைக் கேட்டால், அந்தப் பத்து நிமிஷம் வீண் இல்லை. கீழே நிற்பவர்களுக்கு நாம் தரும் மரியாதை அது.

"பொம்மைதானே" என்பவர்களுக்கு ஒரு இயற்பியல் கணக்கு. 1 கிலோ விமானம் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வந்தால், அதன் இயக்க ஆற்றல் 112.5 ஜூல். 1 கிலோ கல் சுமார் பதினொன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம்! வேடிக்கை பார்க்கும் ஆறாம் வகுப்புத் தம்பிக்கு அது பொம்மையா?

"எனக்கு எல்லாம் தெரியும்" என்பதும் சரியல்ல. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், போயிங் மாடல் 299 என்ற நான்கு இன்ஜின் விமானம் கிளம்பியவுடன் விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்த விமானிகள். தரையில் நிற்கும்போது வால் பகுதி ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். இருவர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விமானிகள் பட்டியலை வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் வேரூன்றியது.

நமக்கும் ஒரு பட்டியல் வேண்டும்:

1. இறக்கை, வால், கீல்கள் ஆடுகிறதா? புரொப்பல்லரில் விரிசல் உண்டா?
2. எடை நடுப்புள்ளி, விமானத்தோடு வந்த தாளில் சொன்ன இடத்தில் இருக்கிறதா? வால் கனமானால் விமானம் சொன்ன பேச்சு கேட்காது.
3. த்ராட்டிலைக் கீழே இறக்கி, முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யணும். அப்புறம்தான் விமானத்தின் பேட்டரி. இறங்கிய பிறகு இதற்குத் தலைகீழ்.
4. பின்னால் நின்று பார்க்கணும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே எழணும். "ஆடுது, போதும்" என்று விடக்கூடாது. எந்தப் பக்கம் ஆடுது என்பதுதான் முக்கியம்.
5. டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் செக் நிலையில் வைத்து, தாளில் சொன்ன தூரம் நடந்து போய்ப் பார்க்கணும்.
6. புரொப்பல்லருக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது.

ஒருவர் உரக்கப் படிக்கட்டும். இன்னொருவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லட்டும். ஒரே ஆள் மனசுக்குள் சொல்லிக்கொண்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

இன்னொன்றும் சொல்லணும். "காத்து அதிகமா இருக்கு, இன்னைக்கு வேண்டாம்டா" என்பவனை நாம் "பயந்தாங்கொள்ளி" என்று கிண்டல் செய்கிறோம். கூட்டம் காத்திருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்லத்தான் அதிகத் தைரியம் வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் "வேண்டாம்" என்றாலும் அன்று விமானம் பெட்டிக்குள்தான் என்று நாமே ஒரு விதி வைத்துக்கொள்வோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியலைச் சார்ட்டில் எழுதி விமானப் பெட்டியின் மூடியில் ஒட்ட அனுமதி தாருங்கள். மாடல் விமான வகுப்பில் சோதனைக்கென்று பத்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள்.

இறக்கை உடைஞ்சா பசை போட்டு ஒட்டிக்கலாம். மண்டை உடைஞ்சா?

சிந்திப்பீர்!

– என்.சி.சி. விமானப் பிரிவு மாணவன், 9ஆம் வகுப்பு