தாத்தா காலத்து வாள், ராணுவ பதக்கம் வீட்டுல இருக்கா? எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட் சுற்றுவட்டாரத்தில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி தயாரிக்கும் ஆலைகள் நிறைய உண்டு. உலையில் சுமார் 1,600 டிகிரி வெப்பம். உள்ளே போன பிறகு அது ஓட்டை வாளியா, நூறு வருஷத்து வாளா என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழ்நாடு இதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறது.

தஞ்சாவூரில் என்ன நடந்தது?

தஞ்சை அரண்மனை ஆயுதக் கிடங்கில் வாள், கட்டாரி, அங்குசம் எனக் குவிந்து கிடந்தன. ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1863ல் பெரும்பகுதி உடைக்கப்பட்டு பழைய இரும்பாக விற்கப்பட்டது. பொறுக்கி எடுத்த சில மட்டுமே சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து பிழைத்தன.

எப்படி அடையாளம் காண்பது?

* பேட்ஜ், பட்டன்: கிரீடம் இருந்தால் பெரும்பாலும் ஆங்கிலேயர் காலம். சிங்க முகச் சின்னம் இருந்தால் 1950க்குப் பிந்தையது. யானை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட்டா என்று பாருங்கள். 1803 அசாயே போரின் நினைவாகக் கிடைத்த சின்னம் அது.

* பதக்கம்: முதல் உலகப்போர் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும்.

* வாள்: கைப்பிடிக்கு அருகே அம்புக்குறி, எண், தயாரிப்பாளர் பெயர் இருக்கலாம். துருவைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. எழுத்தும் சேர்ந்து போயிடும்.

விலை எதனால் கூடுகிறது?

2023 மே மாதம் லண்டனில் திப்பு சுல்தானின் வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. காரணம் இரும்போ தங்க வேலைப்பாடோ மட்டுமல்ல, அது யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு ஆதாரம் இருந்தது. ஆகவே பழைய போட்டோ, பென்ஷன் புத்தகம், கடிதம் எதையும் தூக்கிப் போடாதீங்க. இவை இல்லாமல் வரும் பொருளில் போலிக்கு வாய்ப்பு அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

* 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலை, வரலாற்று மதிப்புள்ள பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரும். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.

* வாள், 1959 ஆயுதச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. உரிமம் தேவையா என்பது இடத்தைப் பொறுத்து மாறும். உள்ளூர் காவல் நிலையத்தில் கேட்டுவிடுவது நல்லது.

* மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். டச்சுக்காரர் 1613ல் கோட்டை கட்டிய பழவேற்காடு இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

* ராணுவ சீருடையைச் சேகரிப்பது வேறு. ராணுவ வீரர் என்று நம்ப வைக்க அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 168ன் கீழ் 3 மாதம் வரை சிறை.

ஒப்பிட்டுப் பார்க்க எங்கே போகலாம்?

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் சீருடை, பதக்கம், வாள் மூன்றும் உண்டு. எடைக்கடைக்காரர் கிலோ கணக்குதான் பார்ப்பார். விளிம்பில் இருக்கும் பெயரை வீட்டில் இருப்பவர்கள்தான் படிக்க வேண்டும்.