கட்டிலருகே ஒருத்தி

அமெரிக்க நாட்டிலே ஒரு தொழிலுக்கு இன்று மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. தொழிலின் பெயர் ‘டூலா’. கிரேக்கச் சொல். பொருள் என்ன தெரியுமா? பணிப்பெண்; பழைய பொருளை இன்னும் கூர்ந்து பார்த்தால், அடிமைப் பெண்! டேனா ரபேல் என்னும் மானுடவியல் அம்மையார், தாய்ப்பால் ஊட்டுவது பற்றி 1973இல் வெளியிட்ட நூலின் வழியே அந்தச் சொல் பரவிற்று. பிள்ளை பெறப்போகும் பெண்ணின் பக்கத்திலே கடைசிவரை இருப்பது — அதுதான் டூலாவின் வேலை. ஊசி போடமாட்டாள். மருந்து கொடுக்கமாட்டாள். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பதும் தொப்புள்கொடியை அறுப்பதும் அவள் வேலையல்ல. இடுப்பைப் பிடித்துவிடுவாள், நாலடி நடக்க வைப்பாள், நா வறண்டால் தண்ணீர் கொடுப்பாள், “இதோ ஆயிற்று, இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

“இதற்கு ஒரு வேலையா? இதற்கு ஒரு சம்பளமா?” என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? தோன்றட்டும். கிணறு தோண்டுகிற இடத்திலே பார்த்திருக்கிறீர்கள். இறங்கினவன் ஒருவன், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் ஒருவன். மண்ணை வெட்டுவது கீழே இருப்பவன்தான். அதற்காக, மேலே நிற்பவன் சும்மா நிற்கிறான், அவனுக்கு ஏன் கூலி என்று மேஸ்திரி சொன்னால் விட்டுவிடுவீர்களா? கயிறு பிடிக்க ஆளில்லாமல் எவனாவது கிணற்றிலே இறங்குவானா? உழைப்பாளித் தோழனுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். புரிந்தவன், தன் மனைவி பிரசவ வார்டுக்குள் போகும்போது மட்டும், கதவு மூடிக்கொண்டதும் வேப்பமரத்தடியிலே போய் உட்கார்ந்துவிடுகிறான். அவன்மீது குற்றமில்லை. “நீ போய் வெளியே நில்!” என்றுதான் அவனிடம் சொல்லப்பட்டது.

பக்கத்திலே ஒருத்தி இருப்பதால் என்ன பயன்? வீட்டுக் கிழவிகள் சொல்வது இருக்கட்டும். அறிவியல் ஏடுகள் சொல்வதைப் பார்ப்போம். 1980இல் குவாதமாலா நாட்டிலே ஒரு சோதனை நடத்தினார்கள். கென்னல், கிளாஸ் என்ற மருத்துவர்கள் அதிலே பங்கு கொண்டார்கள். முன்பின் அறியாத ஒரு பெண், பிரசவ வலியில் இருக்கும் தாய்க்குத் துணையாக அமர்த்தப்பட்டாள். துணையில்லாத தாய்மார்கள் சராசரியாகப் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் வலியில் கிடந்தார்கள். துணை பெற்றவர்களுக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்திலே பிள்ளை பிறந்தது! சிறிய சோதனைதான், சில பத்துப் பேரை வைத்துச் செய்தது. ஆகையால், “போதாது, இன்னும் பார்க்கவேண்டும்” என்றார்கள் படித்தவர்கள். சரி என்று, அதே மருத்துவர்கள் டெக்சாசிலே, ஹூஸ்டன் நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றிலே, ஏழைப் பெண்களிடையே பெரிய அளவிலே நடத்தி, 1991இல் முடிவை வெளியிட்டார்கள்.

அந்தச் சோதனையிலே ஒரு வேடிக்கை உண்டு. தாய்மார்கள் மூன்று பகுதி. ஒரு பகுதியினருக்கு டூலா துணை. இன்னொரு பகுதியினருக்கு ஒருவரும் இல்லை. நடுப்பகுதியினருக்கு? அறையின் ஓரத்திலே ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்; பேசமாட்டாள், தொடமாட்டாள், குறிப்பு மட்டும் எழுதுவாள். ஊமைச் சாட்சி! முடிவு வந்தது. எவரும் இல்லாத பெண்களிலே நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்க நேரிட்டது. டூலா இருந்தவர்களிலே எட்டே பேருக்கு. அந்த ஊமைச் சாட்சி இருந்த அறையிலே? பதின்மூன்று! ஒரு வார்த்தை பேசாமல் மூலையிலே ஒரு மனிதப் பிறவி உட்கார்ந்திருந்தாலே இவ்வளவு வேறுபாடு என்றால், தனிமை என்பது எத்தகைய கொடுமை என்று எண்ணிப் பாருங்கள்.

காரணம் என்னவாக இருக்கலாம்? அச்சம் வந்தால் உடலிலே அதற்கென்று ஒரு சுரப்பு பெருகுகிறது. ஓடு, அல்லது எதிர்த்து நில் என்று உடலை முடுக்கிவிடும் சுரப்பு அது. கருப்பையைச் சுருக்கி விரிக்கும் சுரப்போ வேறு. முன்னது மிகுந்தால் பின்னது தளர்கிறது, வலி நீள்கிறது, நீண்டால் கத்தி வருகிறது. பயந்தவளிடம் போய், “ஏன் கத்துகிறாய்? பெறத் தெரிந்தவளுக்குப் பொறுக்கத் தெரியாதா?” என்று அதட்டுவது எத்தகைய வைத்தியம் என்பதை அதட்டுகிறவர்களே சொல்லட்டும். உலக நல நிறுவனம் 2014இல் ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று — பிரசவ அறைகளிலே பெண்களை இழிவாகப் பேசுவதும் அடிப்பதும் உலகெங்கும் நடக்கிறது, நிறுத்துங்கள் என்று!

2017இலே எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்தார்கள். பதினேழு நாடுகள், இருபத்தாறு ஆய்வுகள், பதினையாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்கள். துணை இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, அறுவை குறைகிறது, வலி நேரம் சுருங்குகிறது என்பதே முடிவு. அடுத்த ஆண்டு, 2018இல், உலக நல நிறுவனம் பரிந்துரைத்தது: அவள் விரும்பும் ஒருவர் அவளருகே இருக்கட்டும். ‘அவள் விரும்பும்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அயல்நாட்டுக்காரன் கண்டுபிடித்தான் என்று வாய்பிளக்கும் கனவான்களே! உங்கள் ஊரிலே மருத்துவச்சி என்றொருத்தி இருந்தாளே, நினைவிருக்கிறதா? சவரத் தொழில் செய்த சமூகத்துப் பெண். நடுநிசியிலே வந்து கதவைத் தட்டினால், மழையானாலும் பனியானாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்படுவாள். ஊரிலே உயர்ந்தவர் என்று மார்தட்டியவர்களின் பிள்ளைகளையும் முதன்முதல் தொட்டது அவள் கைதான்! பிள்ளை கைக்கு வரும்வரை அவள் வேண்டும். வந்த பிறகு அவள் தீட்டு! கொஞ்சம் நெல், ஒரு பழம்புடவை, புறக்கடை வழியே வெளியே. கிரேக்கத்திலே அந்தச் சொல்லுக்கு அடிமை என்று பொருள் என்றேனே, இங்கே சொல்லுக்கு நல்ல பொருள், அவள் நிலைக்குத்தான் அந்தப் பொருள்.

பழையபடி வீட்டுத் திண்ணைக்கே போய்விடலாம் என்று பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். மருத்துவச்சிக்கு அன்பு இருந்தது. குருதிப் பெருக்கை நிறுத்த மருந்து இல்லை, நச்சு ஏறாமல் தடுக்க வழி தெரியாது. தாய்கள் செத்தார்கள். ஆகவேதான் பேறு மருத்துவமனைக்கு வந்தது, வந்தது சரியே. தமிழ்நாட்டிலே இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையிலேதான் — 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு, நூற்றுக்கு 99.6 என்கிறது. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவிலே 97 தாய்மார்கள் மாண்டபோது, தமிழ்நாட்டிலே 54. தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய கணக்கு. 1886இல் புதுக்கோட்டையிலே பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால், 1987இல் பேறுகால உதவித் திட்டம் வந்தது. 2006இல் அந்தத் தொகை ஆறாயிரம் ஆயிற்று; 2011இல் பன்னிரண்டாயிரம்; 2018இல் பதினெட்டாயிரம். ஆட்சிகள் மாறின, தொகை குறையவில்லை. நல்லதை யார் செய்தாலும் நல்லது என்போம்.

ஆனால், தோழர்களே, அதே கணக்கெடுப்பிலே இன்னொரு பக்கத்தையும் புரட்டுங்கள். தமிழ்நாட்டிலே நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 அறுவை! தனியார் மருத்துவமனைகளிலே 64; அரசு மருத்துவமனைகளிலே 36. இந்தியா முழுமைக்குமோ 21.5தான். உயிரைக் காக்கக் கத்தி எடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவோம். நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகும்போது அதனால் சாவு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015இலே உலக நல நிறுவனம் சொல்லிற்று. அப்படியானால் இந்த மிச்சம் எதற்கு? பணப்பெட்டிக்காக ஒரு பங்கு, டாக்டரின் நேரத்துக்காக ஒரு பங்கு, நாள் நட்சத்திரம் குறித்துக்கொண்டு வருகிற நம்மவர் மடமைக்காக ஒரு பங்கு — ஆமாம், அதையும் மறைக்கவேண்டாம்! அச்சத்திலே துவண்டுபோய், “என்னால் முடியாது, அறுத்துவிடுங்கள்” என்று கெஞ்சுபவளும் உண்டு. அவளுக்குத்தான் கட்டிலருகே ஒருத்தி வேண்டும்.

இந்த உண்மை நம் அரசுக்குத் தெரியாததல்ல. 2004இலேயே தமிழ்நாடு, அரசு மருத்துவமனைகளிலே பிரசவத் துணை முறையைக் கொண்டுவந்துவிட்டது. இந்திய அரசு விழித்துக்கொண்டு எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது 2016இல்தான். பிள்ளை பெற்றுப் பழகிய உறவுப்பெண் ஒருத்தி உடனிருக்கலாம், தொற்றுநோய் இருக்கக்கூடாது, மருத்துவர் வேலையிலே குறுக்கிடக்கூடாது, மறைவு உள்ள இடமானால் கணவனும் இருக்கலாம் என்பது அந்த விதி. நல்ல விதி. அந்தக் கடைசி வரியிலேதான் முள் இருக்கிறது: மறைவு உள்ள இடமானால்! ஒரே கூடத்திலே நாலைந்து கட்டில், நடுவிலே திரையில்லை, ஒருத்தியின் நிலையை மற்றவள் உறவினர் பார்க்கும்படி இருந்தால், நர்சு அம்மையார் என்ன செய்வார்? எல்லோரையும் வெளியே போகச் சொல்வார். அவரைத் திட்டி என்ன பயன்? ஒரே இரவிலே எத்தனை கட்டில்களுக்கு அவர் ஒருவர் ஓடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். நாலு முழத் துணி இல்லாததால் ஒரு சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது!

அமெரிக்காவைப் புகழ்ந்து தொடங்கினேனே, அங்கே தேன் ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2021 கணக்கிலே, ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளைத் தாய்மார் சாவு 26.6, கறுப்புத் தாய்மார் சாவு 69.9! உலகத்துச் செல்வமெல்லாம் குவிந்த நாட்டிலே, தோலின் நிறம் பிரசவ அறைக்குள்ளும் புகுந்து நிற்கிறது. பணக்காரிக்குத்தான் நெடுங்காலம் டூலா கிடைத்தாள். கறுப்புப் பெண்கள் தாங்களே திரண்டு, பயிற்சி பெற்று, ஒருவருக்கொருவர் துணை நின்று, “ஏழைக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலே இதற்கும் பணம் கொடு” என்று போராடினார்கள். ஆரகன், மின்னசோட்டா மாநிலங்கள் முதலில் இணங்கின. 2021இல் நியூஜெர்சி, 2023இல் கலிபோர்னியா. 2020 மார்ச்சிலே, கொரோனாவைக் காட்டி நியூயார்க்கின் சில பெரிய மருத்துவமனைகள், துணைக்கு எவரும் வரக்கூடாது, கணவனும் கூடாது என்று கதவடைத்தன. பெண்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஆளுநர் உத்தரவு போட்டார்: ஒருவரை உள்ளே விடு!

இங்கேயும் நகரங்களிலே டூலாக்கள் வந்துவிட்டார்கள், ஆயிரக்கணக்கிலே கட்டணத்தோடு. தரக்கூடியவர்கள் தரட்டும். நம் கேள்வி, கட்டட வேலை செய்கிறவளுக்கும் களை பறிக்கிறவளுக்கும் யார் என்பது. “அவள் தாய் வருவாள்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தாயும் கூலிக்காரிதானே! மகளுக்காக மூன்று நாள் வந்து நின்றால் மூன்று நாள் கூலி போயிற்று. அதோடு, 2017 தொகுப்பிலே கூர்ந்து கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. உறவினர் துணையிருந்தால் பெண்ணுக்கு மனநிறைவு கூடுகிறது. அறுவையைக் குறைப்பதிலே மிகுந்த பயன் தெரிவது, அதற்கென்றே அமர்த்தப்பட்ட பெண் துணையிருக்கும்போதுதான். பாசம் ஒன்று, பழக்கம் ஒன்று. மகள் துடிக்கும்போது தாயும் சேர்ந்து அழுகிறாள், பழகினவள் அழமாட்டாள்.

ஆகவே, அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற துணைப்பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தவேண்டும். ஒப்பந்தக்காரன் பிடித்தம் போக மிச்சம் கொடுக்கும் சம்பளமல்ல. அரசு நேரே கொடுக்கும் சம்பளம். மருத்துவச்சி வேலைக்கு நெல்லும் பழம்புடவையும் கொடுத்த ஊர், அதே வேலைக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்துப் பார்க்கட்டும். எந்தக் குலத்துப் பெண்ணும் மனுப் போடட்டும், தீட்டுப் பேசிய வீட்டுப் பெண்ணும்கூட!

அதுவரை கழகத் தோழர்கள் சும்மா இருக்கவேண்டியதில்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கொடியும் கோஷமும் வேண்டாம். பிரசவ வார்டு அது. தலைமை மருத்துவரைப் பார்த்து, 2004 முதல் இருக்கிற முறை இங்கே நடக்கிறதா, கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கிறதா, துணை வருபவள் உட்கார ஒரு முக்காலியாவது உண்டா என்று கேளுங்கள். திரை இல்லையென்றால் நம் தோழர்களிலே நெசவாளி இல்லையா, தையல்காரன் இல்லையா? துணை வரும் தாய்க்கு இழந்த கூலியைக் கொடுக்கவேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் மனுவும் கொடுங்கள். எந்தக் கணக்கிலே எழுதுவது என்று கருவூலத்தார் தலையைச் சொறிந்தால், முத்துலட்சுமி அம்மையார் பெயரிலே இருக்கும் அதே கணக்கிலே இன்னொரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.