ஒழுகும் கூரையும் டெலிவிஷன் மாளிகையும்

சந்தா வசூலுக்காகப் பர்கூர் பக்கத்தில் ஒரு காலனிக்குப் போயிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. விவசாயத் தொழிலாளி ஒருவரின் தொகுப்பு வீட்டில் ஒதுங்கினோம். சுண்ணாம்பு கண்டு எத்தனையோ வருஷமான சுவர். தளத்தில் மூன்று இடங்களில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு போல வெளியே தெரிகிறது. அதற்கு நேர் கீழே ஓர் அலுமினியக் குண்டான், ஒரு பிளாஸ்டிக் வாளி. இரண்டிலும் சொட்டுச் சொட்டாக நீர். எதிர்ச் சுவரோரம் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பங்களா. வீட்டை அழகுபடுத்தும் நிபுணராம், இளைஞர் ஒருவர் சமையலறையைச் சுற்றிக் காட்டி, "இந்தக் கிரானைட் மேடை பழைய மோஸ்தர், இதை எடுத்துவிட்டால் அறையே மாறிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கார அம்மாள் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "எடுத்த கல்லை எங்கே போடுவாங்களாம், விசாரிச்சுச் சொல்லுங்கண்ணா. நம்ம வாசப்படி உடைஞ்சு கெடக்குது."

சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டு விட்டுவிட முடியவில்லை. அந்தக் கல் எங்கிருந்து போனது, யார் அறுத்தது, வீட்டைப் பழுது பார்ப்பது என்பது யாருக்கான காரியம் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

டெலிவிஷன் இந்த நாட்டுக்கு வந்தபோது என்ன சொல்லி வந்தது? 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக் கோள் மூலம் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிப் பரிசோதனை நடத்தினார்கள். நம் பக்கத்துக் கர்நாடகத்தின் வட ஜில்லாக்களும் அதில் அடக்கம். சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறந்ததும் அதே 1975 ஆகஸ்டில்தான். பாமர ஜனங்களின் பள்ளிக்கூடம் என்று மந்திரிகள் மேடையேறிப் பேசினார்கள். பிறகு 2006 தேர்தலில் வாக்களித்தபடி தமிழ்நாட்டு சர்க்கார் ஏழைகளுக்குக் கலர் டெலிவிஷன் இலவசமாகக் கொடுத்தது. அதை நாம் குறை கூறவில்லை. பணக்காரன் வீட்டுப் பெட்டி பாட்டாளி வீட்டுக்கும் வந்தது நல்லதே. ஆனால் பெட்டி வந்த வேகத்தில் கூரை வரவில்லை. பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதோ பள்ளிக்கூடம் அல்ல, கடைவீதி.

வீட்டைப் பழுது பார்க்கும் நிகழ்ச்சிகளின் பூர்வீகம் அமெரிக்கா. 1979இல் பாஸ்டன் நகரத்துப் பொது டெலிவிஷன் நிலையம் 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' என்ற தொடரைத் துவக்கியது. பாழடைந்த ஒரு பழைய வீட்டை எடுத்து, எப்படிச் செப்பனிடுவது என்று வாரா வாரம் காட்டினார்கள். நார்ம் ஆப்ரம் என்ற தச்சுத் தொழிலாளி உளி பிடிக்கும் விதத்தை ஜனங்கள் கண்ணாரக் கண்டார்கள். உழைக்கும் கையை நாட்டுக்குக் காட்டிய நிகழ்ச்சி என்ற அளவில் அதைப் பாராட்டவே வேண்டும். ஆனால் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்து வந்தவர்களில் ஹோம் டெப்போ என்ற பெரிய கட்டடச் சாமான் கம்பெனியும் இருந்தது. நிகழ்ச்சியை நடத்தி வந்த பாப் விலா, போட்டிக் கடை ஒன்றின் விளம்பரத்தில் தோன்றினார். ஹோம் டெப்போ பணத்தை நிறுத்தியது. 1989இல் அவர் வெளியேற்றப்பட்டார். பத்து வருஷம் ஜனங்கள் முகம் பார்த்த மனிதருக்கே இந்தக் கதி என்றால், அங்கே எஜமானன் யார் என்று கேட்கவும் வேண்டுமா?

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடத் தமாஷானது. 2003 முதல் 2012 வரை ஏ.பி.சி. கம்பெனி ஒளிபரப்பியது. கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுக்கி எடுத்து வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். ஏழே நாளில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிய மாளிகையை எழுப்பி, வாசலில் மறைத்து நிறுத்திய பஸ்ஸை நகர்த்திக் காட்டுவார்கள். குடும்பம் கதறி அழும். பார்க்கும் ஜனங்களும் அழுவார்கள். இடையிடையே சியர்ஸ் கடையின் சாமான்கள் பளபளக்கும். பஸ் நகர்ந்த பிறகு என்ன? வீடு பெரிதானதும் வரி பெரிதாயிற்று, மின் கட்டணம் பெரிதாயிற்று. கட்ட வழியில்லாமல் திண்டாடிய குடும்பங்கள் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் கூடி 2005இல் கட்டிக் கொடுத்த வீட்டை ஈடாக வைத்து அந்தக் குடும்பம் நான்கரை லட்சம் டாலர் கடன் வாங்கியது. 2008இல் வீடு ஜப்திக்கு வந்துவிட்டது. அந்த வருஷம் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளை பாங்குகள் ஜப்தி செய்துகொண்டிருந்தன. வீட்டுக்கடன் சூதாட்டத்தில் நாடே கவிழ்ந்த சமயம் அது. அந்த ஜப்திகளுக்கு எந்தக் கம்பெனி காமிரா வைத்தது?

நம் நாட்டிலும் இந்த வியாபாரம் பல வேஷங்களில் வந்துவிட்டது. நட்சத்திரங்களின் வீட்டைச் சுற்றிக் காட்டுவது, பெயிண்டுக் கம்பெனிப் பணத்தில் சுவர் அலங்காரம் கற்பிப்பது, மாடுலர் கிச்சன், பொய்த் தளம், கண்ணாடிக் கதவு. பார்க்கிறவன் மனதில் ஓர் எண்ணத்தை ஊன்றிவிடுகிறார்கள்: வீடு நன்றாக இல்லையென்றால் அது உன் ரசனைக் குறைவு, உன் முயற்சிக் குறைவு. கூலிக் குறைவு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இப்போது கல்லுக்கு வருவோம்.

பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாறைக்கு உலகச் சந்தையில் பெயர் உண்டு. கிரானைட் மேடை இல்லாத சமையலறை சமையலறையே அல்ல என்ற மோகத்தை வளர்த்ததில் மேல்நாட்டு வீட்டு நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மோகத்தின் மறு முனையில் நம் ஜில்லாத் தொழிலாளியும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சகோதரத் தொழிலாளியும் பாறையைத் துளைக்கிறார்கள், அறுக்கிறார்கள், மெருகேற்றுகிறார்கள். கிரானைட்டில் சிலிகா கால் பங்கும் அதற்கு மேலும் உண்டு. அறுக்கும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலில் போய்ப் படிந்தால் திரும்ப வராது. சிலிகோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் என்று தவறாக எண்ணி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது சகஜம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இது அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. சட்டத்தில் எழுதியது பட்டறைக்கு வந்து சேர வேண்டுமல்லவா?

வந்து சேர்ந்த ஓர் இடத்தைச் சொல்கிறோம். ஆஸ்திரேலியாவிலும் வீட்டுச் சீரமைப்பு நிகழ்ச்சிகளுக்கு ஏக மவுசு. அங்கே செயற்கைக் கல் மேடை மோஸ்தராயிற்று. அதில் சிலிகா நூற்றுக்குத் தொண்ணூறையும் தாண்டும். அறுத்த வாலிபர்கள் முப்பது, நாற்பது வயதில் மூச்சு விட முடியாமல் விழுந்தார்கள். தொழிற்சங்கங்கள் எழுந்தன. சர்க்கார் தடை செய்யாவிட்டால் எங்கள் ஆட்கள் அந்தக் கல்லைத் தொடமாட்டார்கள் என்று கட்டடத் தொழிலாளர் சங்கம் பிரகடனம் செய்தது. 2023 டிசம்பரில் மந்திரிகள் தடைக்கு இணங்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் மேடை அங்கே சட்ட விரோதம். உலகத்திலேயே முதல் தடை அது. அதைச் சாதித்தது எந்த டெலிவிஷன் நட்சத்திரமும் அல்ல, சங்கம்.

நம் பட்டறைகளில் முதல் காரியம் தண்ணீர் விட்டு அறுப்பது. தூள் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை சிலிகாவைத் தடுக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். ராஜஸ்தானில் 2019ஆம் வருஷத்துக் கொள்கைப்படி, நோய் என்று சான்று பெற்ற தொழிலாளிக்கு 3 லட்சம் ரூபாயும் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் உண்டு. கல்லை ஏற்றுமதி செய்து பெயர் வாங்கும் கிருஷ்ணகிரி ஜில்லாவில் அத்தகைய ஏற்பாட்டைக் கோருவது அதிகப்படியா?

கட்டடத் தொழிலாளிக்கு இன்னொரு அடியும் விழுந்திருக்கிறது. 1996ஆம் வருஷத்துச் சட்டப்படி, சொந்தக் குடியிருப்பாக ஒருவர் கட்டும் வீட்டின் செலவு 10 லட்சத்துக்கு மேல் போனால் நல நிதிக்கு ஒரு சதவீதம் செலுத்த வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக்கிவிட்டது. அதாவது 45 லட்சத்தில் மாளிகை எழுப்புகிறவர், அதைக் கட்டிய சித்தாளின் பிரசவத்துக்கும் கொத்தனாரின் ஓய்வூதியத்துக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை. டெலிவிஷனில் 'பட்ஜெட் வீடு' என்று காட்டுகிறார்களே, அதில் யாருடைய பங்கைக் குறைத்துப் பட்ஜெட் போட்டார்கள் என்பது தெரிகிறதல்லவா?

ஓசூர் சிப்காட், பர்கூர் சிப்காட் தொழிலாளர்களுக்குச் சுவரே சொந்தமில்லை. ஆறு பேர், எட்டுப் பேர் ஓர் அறையில். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரின் உத்தரவு வேண்டும். இவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நகர்ப்புறங்களுக்காக 2019 முதல் தமிழ்நாட்டில் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி, கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின் கம்பி இவையெல்லாம் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது, அவ்வளவே. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாத வரையில் இந்த உரிமை ஏட்டில்தான் நிற்கும். எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் மறுநாள் சாமான் தெருவுக்கு வரும். ஒரே வரிசையில் குடியிருக்கும் எல்லோருமாகக் கேளுங்கள்.

காலனி வீட்டின் தளம் ஏன் பெயர்கிறது? டெலிவிஷன் நிபுணரைக் கேட்டால் பொய்த் தளம் போட்டு மறைக்கச் சொல்வார். கொத்தனாரைக் கேளுங்கள், உண்மையைச் சொல்வார். இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் துவங்கியது. அக்காலத்து வீடுகள் பலவற்றில் காண்டிராக்டர் சிமெண்டைக் குறைத்தார். கம்பிக்கு அடியில் கவரிங் போதிய கனம் விடவில்லை. தளத்தைத் தண்ணீர் விட்டு ஆற்றவில்லை. மேலே வாட்டம் வைக்கவில்லை. மழைநீர் தேங்கி இறங்கிக் கம்பியைத் தொட்டது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைத் தள்ளும். பெயர்ந்த இடத்தில் வெறும் சிமெண்டைப் பூசினால் ஆறு மாதத்தில் அது மறுபடி தலையில் விழும். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, அதற்குரிய கலவை பூசி, மேலே வாட்டம் வைத்துத் தட்டோடு பதித்தால்தான் பழுது தீரும். கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்த வீட்டில் குடியிருக்கவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டவர்கள் அதைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் நனைத்துச் செய்யுங்கள், குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். அந்தத் தூள் புற்றுநோய் தரும்.

இதற்குப் பணம்? 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய கிராம வீடுகளில் இரண்டரை லட்சத்தைச் செப்பனிட 2,000 கோடி ரூபாய் என்று மாநில சர்க்கார் 2024இல் அறிவித்தது. வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய். நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். அதே சமயத்தில் புதிய வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய் என்ற திட்டமும் வந்தது. டில்லியின் திட்டத்தில் சமவெளி வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். 2016இல் நிர்ணயித்த இந்தத் தொகையை 2024இல் திட்டத்தை நீட்டித்தபோதும் ஏற்றவில்லை. சிமெண்டும் கம்பியும் 2016 விலையிலேயா நிற்கின்றன? மீதிக்குக் கந்துவட்டி, நகைக் கடன், குழுக் கடன். காலனி வீட்டு வாசலில் வாரா வாரம் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள் அதன் சாட்சி.

பட்டா இல்லாதவனுக்கு இதுவும் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குடியிருக்கும் மனை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தம் என்ற சட்டம் 1971இல் வந்தது. இன்னமும் பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறுகிறவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களிலேயே இருக்கிறார்கள்.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டுகிறோம். 1972இல் தோழர் அச்சுத மேனனின் மந்திரிசபையில் தோழர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைத் துவக்கினார். ஒரு கூரைக்கு இரண்டு குடும்பம், சிறிய வீடுகள். அவையும் பின்னால் பழுதாயின என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சுத மேனன் அத்துடன் விடவில்லை. பதவியிலிருந்து விலகிய பிறகு 1985இல் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடன் சேர்ந்து காஸ்ட்போர்டு என்ற ஸ்தாபனத்தைத் திருச்சூரில் உண்டாக்கினார். எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் செங்கல்லை நிறுத்தி வைத்துக் கட்டினால் கால் பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. தளத்தின் நடுவே பழைய ஓட்டை வைத்து வார்த்தால் கான்கிரீட் மிச்சம். இவற்றையெல்லாம் பேக்கர் தானே படம் வரைந்து, சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி சின்னச் சின்னப் புத்தகங்களாக எழுதினார். விற்க அவரிடம் சரக்கு எதுவுமில்லை.

டெலிவிஷனில் இதைக் காட்டினால் என்ன? பொதிகை என்றிருந்து 2024 முதல் டி.டி. தமிழ் என்று பெயர் மாறிய நிலையம் பொதுப் பணத்தில் நடப்பது. வாரம் அரை மணி நேரம், ஒரு காலனியில், ஒரு கொத்தனாரையும் சித்தாளையும் வைத்து, ஒழுகும் தளத்தைச் செப்பனிட்டுக் காட்டட்டும். திட்டத் தொகை எவ்வளவு வந்தது, எங்கே நின்றது என்பதையும் அந்த வீட்டுக்காரர் வாயாலேயே சொல்ல விடட்டும். சங்கத்தின் சார்பில் நிலையத்துக்கு மனு அனுப்புகிறோம். பர்கூர் ஜவுளிக்கடைத் தொழிலாளர்களிலிருந்து கல் பட்டறைத் தொழிலாளர்கள் வரை எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

மே 1 கிராம சபைக்கு இன்னும் நாளிருக்கிறது. காலனிதோறும் நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். எந்த வருஷம் கட்டிய வீடு, எந்தத் திட்டம், பட்டா யார் பெயரில், தளத்தில் எத்தனை இடத்தில் கம்பி தெரிகிறது, பழுது பார்க்க மனு கொடுத்த தேதி என்ன, இவ்வளவும் வீடு வாரியாக அதில் எழுதப்பட வேண்டும். எழுதத் தெரியாத வீட்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். முதலில் வாளி வைத்திருந்த அந்த அம்மாளின் வீட்டில் எழுதி முடித்தாயிற்று. வாசப்படி உடைந்திருப்பதையும் எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறோம்.