கூம்பு சாய்க்கத் தெரியுமா?

பாய்மரத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'கூம்பு'. கூம்பையும் பாயையும் களையாமல், பாரத்தையும் குறைக்காமல் மரக்கலங்கள் காவிரியின் முகத்துவாரத்தில் நுழைந்ததைப் புறநானூற்றின் 30-ஆம் பாடல் சிறப்பித்துச் சொல்கிறது. அதை ஒரு சிறப்பாகப் பாடினார்கள் என்றால், மற்ற துறைகளில் களைவதும் குறைப்பதுமே வழக்கமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த வேலை இன்றும் ஓயவில்லை. என் மருமகன் ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் பதினாறடிப் பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறார். தாழ்ந்த பாலம் எதிர்ப்பட்டால் மரத்தைச் சாய்த்துத்தான் போகவேண்டும். ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில், கரையில் நின்ற படகின் மரத்தை நான் தோள்கொடுத்து நிமிர்த்தினேன். பாதி எழுந்ததும் அது பக்கவாட்டில் ஓடி, அருகில் நின்ற பேரனின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நல்லவேளை! அன்றுதான் புரிந்தது, இது தோள்வலிமைக்கான வேலை அல்ல.

படுத்திருக்கும் மரத்தை முன்கயிற்றால் இழுத்தால் அது எழாது. கயிறு மரத்தை ஒட்டியே கிடப்பதால் விசை வீணாகிறது. ஆகவே மரத்தின் அடியில் செங்குத்தாக ஒரு கோலை நிறுத்தி, அதன் நுனி வழியாக முன்கயிற்றைச் செலுத்தி, நுனிக்கும் படகின் முகப்புக்கும் இடையே கப்பி பூட்ட வேண்டும். நான்கு மடிப்புக் கப்பிக் கயிற்றில், உராய்வு நீங்கலாக, கால் பங்கு விசை போதும். இருபுறமும் இரண்டு கயிறுகள் அவசியம். அவற்றின் அடிமுனைகள் மரம் திரும்பும் அச்சுக்கு நேராக, அதே உயரத்தில் இருந்தால்தான் கடைசிவரை தொய்யாமல் மரத்தைப் பிடித்திருக்கும். இறக்கும்போதும் இதே ஏற்பாடுதான். கயிற்றை மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஃபோர்ட் கொச்சியின் சீனவலையைப் பாருங்கள். மறுபுறம் தொங்கும் கற்களே வலையின் பாரத்தைத் தாங்குகின்றன. இங்கிலாந்தின் நார்ஃபோக் சரக்குப் படகுகளிலும் மரத்தின் அடியில் எடை கட்டி, எளிதாகச் சாய்த்தார்கள்.

தனியாகச் செய்வதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. துணை கிடைக்காத நாளில் ஆபத்தின்றிச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. முதலில் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்; அலுமினிய மரம் அதைத் தொட்டால் உயிருக்கு உலை. அடுத்து, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஆனால் வேடிக்கை பார்க்க மட்டும் நிறுத்தாதீர்கள். கயிறும் கப்பியும் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லிக்கொடுங்கள். கூம்பு என்ற சொல்லோடு அதைச் சாய்க்கும் வித்தையும் அவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.